வாயில்லா ஜீவன்களுக்கு ஒரு தினம்

ஆசிரியர்களுக்கு ஒரு தினம் இருக்கிறது. குழந்தைகளுக்கு இருக்கிறது, தொழிலாளர்களுக்கு இருக்கிறது. தபாலுக்குக்கூட ஒரு தினம் உண்டு! வாயில்லாப் பிராணிகளுக்கும் அப்படி ஒரு தினம் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அக்டோபர் 4-ந் தேதிதான் அது. காந்தி ஜயந்தி முடிந்து இரண்டே நாளில் வருகிறது. 'உலகப் பிராணிகள் தினம்' என்று அதற்குப் பெயர்.

அன்று என்ன நடக்கிறது? சில பள்ளிக்கூடங்களில் யானை, மயில் படம் வரையச் சொல்லிப் பரிசு கொடுக்கிறார்கள். சில ஊர்களில் கால்நடை டாக்டர்கள் நாய்களுக்கு இலவசமாக ஊசி போடுகிறார்கள். மேல்நாட்டு மாதா கோயில்கள் பலவற்றில் ஜனங்கள் நாயையும் பூனையையும் கூண்டுக் கிளியையும் அழைத்து வர, பாதிரியார் ஆசீர்வாதம் செய்கிறார். மறுநாள் பொழுது விடிகிறது. பார வண்டி மாட்டின் வாலை முறுக்கிய கை, வழக்கம்போல அதை முறுக்குகிறது.

"நாள் குறித்துக் கொண்டாடி என்ன பிரயோஜனம்? ஒரு மாட்டின் முதுகில் விழும் அடியாவது குறைந்ததா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால், "இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வேடிக்கை" என்று சிலர் ஒதுக்கித் தள்ளுவது மட்டும் சரியல்ல. பிராணிகளுக்காக நாள் குறித்த முதல் ராஜாக்களில் ஒருவர் நம் நாட்டவர்!

அசோகர் போட்ட பட்டியல்

டில்லியில் பிரோஸ் ஷா கோட்லா என்ற பழைய கோட்டையில் ஒரு கல் தூண் நிற்கிறது. டோப்ரா என்ற கிராமத்தில் கிடந்ததை 14-ம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் அங்கே கொண்டு வந்து நிறுத்தினார். அதில் வெட்டப்பட்டிருப்பவை அசோகச் சக்கரவர்த்தியின் கட்டளைகள். முடிசூடி 26 வருஷங்கள் ஆன பிறகு அவர் பிறப்பித்த ஐந்தாவது தூண் சாசனத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும்.

கிளி, மைனா, அன்னம், வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, அணில், புறா என்று கொல்லக் கூடாதவை வரிசையாக வருகின்றன. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் ஆட்டையும் பன்றியையும் கொல்லக் கூடாது. 6 மாதம் ஆகாத குட்டியையும் கொல்லக் கூடாது. உயிர்கள் ஒளிந்திருக்கும் பதரைக் கொளுத்தக் கூடாது. காரணமில்லாமல் காட்டுக்குத் தீ வைக்கக் கூடாது. ஒரு பிராணியைக் கொண்டு இன்னொரு பிராணிக்குத் தீனி போடக் கூடாது.

அதற்கப்புறம் வருகிறது நாள் கணக்கு. இன்ன பௌர்ணமியிலும் அதை ஒட்டிய நாட்களிலும் மீனைக் கொல்லவும் விற்கவும் கூடாது. அஷ்டமி, சதுர்த்தசி முதலிய நாட்களில் காளைக்கும் ஆட்டுக்கிடாவுக்கும் காயடிக்கக் கூடாது. பூசம், புனர்பூச நட்சத்திர நாட்களில் குதிரைக்கும் மாட்டுக்கும் சூடு போடக் கூடாது. பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் மகாராஜா!

இவ்வளவு சொன்னவர் தம் சொந்தச் சமையல்கட்டை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு அரண்மனை மடைப்பள்ளியில் தினமும் லட்சக்கணக்கான பிராணிகள் கொல்லப்பட்டன. இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும் மட்டுமே, மான்கூடத் தினமும் அல்ல. இனி இவையும் நின்றுவிடும் என்று வேறொரு சாசனத்தில் வெட்டி வைத்திருக்கிறார். பாறையில் இப்படி ஒப்புக்கொள்ளும் ராஜாக்கள் எத்தனை பேர்?

அந்த வழக்கத்தின் வாசனை இன்றும் போகவில்லை. தைப்பூசத்தன்று வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜயந்தி, காந்தி ஜயந்தி ஆகிய நாட்களில் சென்னையில் இறைச்சிக் கடைகளை மூட வேண்டுமென்று மாநகராட்சி உத்தரவு போடுகிறது. உத்தரவு நல்ல உத்தரவுதான். ஆனால் முதல் நாள் சாயங்காலம் கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, ஆட்டுக்கு ஆயுசு கூடியது எத்தனை மணி நேரம் என்று தெரியும். அசோகர் சாசனத்தில் கடை மூடும் உத்தரவைவிடப் பெரிது சூடு போடாதே, பால் கொடுக்கும் தாயைக் கொல்லாதே என்ற உத்தரவுகள்தாம். உயிரோடு இருக்கும்போது படும் கஷ்டத்தைப் பற்றியவை அவை.

சபையில் எழுந்த சிரிப்பு

மேல்நாட்டில் முதலில் சட்டம்தான் வந்தது, தினம் பிறகுதான் வந்தது.

இங்கிலாந்துப் பார்லிமெண்டில் ரிச்சர்டு மார்ட்டின் என்று ஒரு மெம்பர் இருந்தார். அயர்லாந்து தேசத்துக் கால்வே தொகுதிக்காரர். ஒரு காலத்தில் கத்தியும் துப்பாக்கியும் எடுத்துத் துவந்த யுத்தம் செய்வதில் பேர் போனவர்! அவர் எழுந்து, குதிரையையும் மாட்டையும் கொடுமைப்படுத்துவது குற்றமாக வேண்டும் என்றார். கழுதைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்ற பேச்சு வந்ததும் சபை கொல்லென்று சிரித்தது. அவர் விடவில்லை. 1822-ல் சட்டம் நிறைவேறியது. அடிபட்ட கழுதையையே சாட்சியாகக் கோர்ட்டுக்குள் கொண்டு வந்து நிறுத்தினார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் காட்சியைச் சித்திரமாகவும் எழுதியிருக்கிறார்கள்.

1824-ல் லண்டனில் ஒரு காப்பிக் கடையில் சிலர் கூடி, ஜீவஹிம்சை தடுப்புச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அதன் முதல் காரியதரிசி ஆர்தர் புரூம் என்ற பாதிரியார். சங்கம் பட்ட கடனுக்காக அவரைச் சிறையில் போட்டார்கள்! பிறகு 1840-ல் விக்டோரியா மகாராணி அந்தச் சங்கத்துக்கு 'ராயல்' பட்டம் கொடுத்தார். அதைப் பார்த்து 1861-ல் கல்கத்தாவில் ஒரு சங்கம் தோன்றியது. 1890-ல் இந்தியாவுக்கென்று ஒரு சட்டமும் வந்தது.

பெர்லினில் கூடிய 5,000 பேர்

உலகப் பிராணிகள் தினம் பிறந்தது ஜெர்மனியில். ஹைன்ரிக் சிம்மர்மான் என்ற எழுத்தாளர், நாய்களைப் பற்றி ஒரு பத்திரிகை நடத்தி வந்தார். அவருக்குத்தான் இந்த யோசனை உதித்தது. 1925-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி பெர்லின் நகரத்து விளையாட்டு மாளிகையில் கூட்டம் கூட்டினார். 5,000 பேருக்கு மேல் வந்தார்கள். நாய்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டு இவ்வளவு பேர் வந்தார்களே!

அவர் விரும்பியது என்னவோ அக்டோபர் 4-ந் தேதியைத்தான். அது அஸிஸி நகரத்து ஞானி பிரான்சிஸின் திருநாள். பறவைகளுக்குப் பிரசங்கம் செய்தவர், ஊரை அச்சுறுத்திய ஓநாயைச் சாந்தப்படுத்தியவர் என்று கத்தோலிக்க மக்கள் கதை சொல்லும் அந்த பிரான்சிஸ்தான். ஆனால் 1925-ல் அந்தத் தேதிக்கு மண்டபம் கிடைக்கவில்லை. 1929-ல்தான் தினம் அக்டோபர் 4-க்கு மாறியது. முதலில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, செக்கோஸ்லோவாகியா ஆகிய நாடுகளோடு சரி. 1931 மே மாதம் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் நடந்த சர்வதேசப் பிராணி பாதுகாப்பு மகாநாடு அதை உலகம் முழுவதற்கும் உரிய தினமாக ஏற்றுக்கொண்டது. (இந்தத் தினம் பிளாரன்ஸில்தான் பிறந்தது என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். அப்போது அதற்கு வயது ஆறு!)

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லாமல் போக முடியாது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ம் வருஷமே, நவம்பர் மாதத்தில், அந்த நாட்டில் விரிவான பிராணி பாதுகாப்புச் சட்டம் ஒன்று பிறந்தது. அதே சர்க்கார்தான் பிற்பாடு லட்சோபலட்சம் யூதர்களைக் கொன்று குவித்தது. மாட்டுக்கு இரங்குகிறவன் மனிதனுக்கும் இரங்குவான் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு இரக்கத்தையும் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

நாட்டியத்திலிருந்து ராஜ்ய சபைக்கு

நம் கதைக்கு வருவோம். 1952-ல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர் ருக்மிணி தேவி அருண்டேல். மதுரையில் பிறந்து, அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவி, பரத நாட்டியத்துக்கு மறுவாழ்வு தந்தவர்களில் ஒருவராகப் போற்றப்படுகிறவர். நடனத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் 1953-ல் கொண்டுவந்ததோ, ஜீவஹிம்சையைத் தடுக்க ஒரு மசோதா!

1890-ம் வருஷத்துச் சட்டம் எதற்கும் போதவில்லை. அது பெரும்பாலும் நகரசபை எல்லைக்குள்தான் செல்லும். கிராமத்து மாட்டுக்கு அதில் இடமில்லை. ருக்மிணி தேவியின் மசோதா இதையெல்லாம் மாற்றப் பார்த்தது. பிரதமர் நேரு அதன் நோக்கத்தை ஆதரித்தார். சர்க்காரே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று வாக்களித்தார். அதை நம்பி ருக்மிணி தேவி தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வாக்கு நிறைவேறியது, கொஞ்சம் தாமதமாக. 1960 டிசம்பரில் சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவை ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது குற்றம். கிழடானதையும் காயம் பட்டதையும் வேலை வாங்குவது குற்றம். உடம்பைத் திருப்பவும் இடமில்லாத கூண்டில் அடைப்பது, போதிய தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் வைத்திருப்பது, வளர்த்ததைத் தெருவில் விட்டுவிட்டுப் போவது, எல்லாம் குற்றம். வேதனை உண்டாகும் விதத்தில் தூக்கிச் செல்வதும் குற்றம். சைக்கிள் கைப்பிடியில் காலைக் கட்டித் தலைகீழாகக் கோழிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்களே, அதை நாம் தினமும் பார்க்கிறோம். யாராவது குற்றம் என்று நினைத்தோமா?

1962-ல் இந்தியப் பிராணி நல வாரியம் அமைந்தது. தலைமைக் காரியாலயம் அப்போது நம் சென்னையில் இருந்தது. தலைவர் ருக்மிணி தேவி. 1977-ல் ராஷ்டிரபதியாக வரும்படி மொரார்ஜி தேசாய் கேட்டபோது மறுத்துவிட்ட அவர், 1986-ல் காலமாகும் வரை பிராணிகளின் வேலையை விடவில்லை. அவர் பிறந்தது 1904 பிப்ரவரி 29. நான்கு வருஷத்துக்கு ஒரு முறைதான் பிறந்த நாள்!

வாரியம் சொல்லியனுப்ப, ஜனவரி 14-ல் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை பிராணி நலக் காலமாக நாடெங்கும் அனுஷ்டிக்கப்படுகிறது. நமக்கு அது பொங்கல் சமயம். கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு மாலை, நுகத்துக்கு விடுமுறை. பல வீடுகளில் பெண்கள் கனு வைத்துக் காக்கையைக் கூப்பிடுகிறார்கள். நேபாள தேசத்தில் தீபாவளி சமயத்தில் முதல் நாள் காக்கைக்கும் மறுநாள் நாய்க்கும் மூன்றாம் நாள் பசுவுக்கும் பூஜை. தெரு நாய்க்கும் நெற்றியில் திலகம், கழுத்தில் சாமந்தி மாலை!

சர்க்கஸ் புலியும் ஜல்லிக்கட்டும்

1960-ம் வருஷத்துச் சட்டத்தின் 22-வது பிரிவு, எந்தெந்தப் பிராணியை வேடிக்கை காட்டக் கூடாது என்று அறிவிக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்குக் கொடுத்தது. 1998-ல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஆமோதித்தது. கூடாரத்துக்குள் நெருப்பு வளையத்தில் புலி பாய்வது அப்படித்தான் நின்றது. குழந்தைகளுக்கு ஏமாற்றம்தான், புலிக்கு இல்லை.

2011-ல் அந்தப் பட்டியலில் காளையும் சேர்ந்தது. அப்புறம் நடந்தது நேயர்களுக்குத் தெரியும். 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜனக்கடல். அதே மாதம் தமிழ்நாட்டுச் சட்டசபையில் திருத்தம். 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஆக, வாடிவாசல் காளையின் வழக்கும் ருக்மிணி தேவி கேட்ட சட்டத்தின் ஒரு பிரிவிலிருந்து கிளம்பியதுதான். இரண்டு பக்கத்தாரும் காளை மேல் தங்களுக்குத்தான் அன்பு அதிகம் என்றார்கள். வருஷத்தில் ஒரு நாள் ஓடும் காளைக்காக இவ்வளவு வாதம் நடந்தபோது, வருஷம் முழுதும் மணல் வண்டி இழுக்கும் மாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

50 ரூபாய்

இத்தனை பேசும் சட்டம் என்ன தண்டனை தருகிறது? முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 50 ரூபாய்க்கு மேல் போகாது. மூன்று வருஷத்துக்குள் மறுபடி செய்தால் 100 ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை. 1960-ல் 50 ரூபாய் என்றால் ஒரு கூலிக்காரர் குடும்பத்துக்குப் பெரிய தொகை. வண்டிக்காரர் பயந்திருப்பார். இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது! 2022 நவம்பரில் மத்திய சர்க்கார் திருத்த மசோதாவின் வரைவை வெளியிட்டு ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டபோதும், சட்டத்தில் நின்றது அதே 50 ரூபாய்தான்.

நடுவில் 62 அக்டோபர்கள் வந்து போயின. 62 முறை அக்டோபர் 4 வந்தது. சித்திரப் போட்டிகள் நடந்தன. ஒரு தினத்தால் ஆகக்கூடிய காரியம் இதுதான்: நின்று போன விஷயத்தை வருஷத்துக்கு ஒரு தரம் கிளறிக் கேட்பது. அதை அந்தத் தினம் செய்யாவிட்டால் நாய்க்கு மாலை போட்டதோடு சரி. நியாயமாகப் பார்த்தால், வேறொரு கதவு மட்டும் கொஞ்சம் திறந்திருக்கிறது. பழைய இந்தியன் பீனல் கோடுக்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில், வேண்டுமென்றே பிராணியைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ ஐந்து வருஷம் வரை சிறை. 'பத்து ரூபாய் மதிப்புள்ள பிராணி' என்று விலை பார்க்கும் பழைய வாசகமும் ஒழிந்தது.

பலன் தந்த ஒரு தினம்

செப்டம்பர் 28-ந் தேதி உலக வெறிநாய்க்கடி நோய் ஒழிப்புத் தினம். 2007 முதல் நடக்கிறது. அந்த நோய்க்கு ஊசி கண்ட லூயி பாஸ்டர் 1895-ல் மறைந்த நாள் அது. அன்று வீதி வீதியாக நாய்களுக்கு ஊசி போடுகிறார்கள். ஓர் ஊரில் நூற்றுக்கு 70 நாய்களுக்கு ஊசி போட்டால், நோய் பரவ வழியில்லாமல் அடங்கிவிடும் என்பது வைத்தியர்கள் கணக்கு. பிராணிக்குச் செய்த உபகாரம் மனிதக் குழந்தையைக் காப்பாற்றும் இடம் இது. நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் தடவ வேண்டாம். சோப்புப் போட்டு, விழும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

தெரு நாயைப் பிடித்துக் கொல்வதுதான் நெடுங்காலம் சென்னையின் வழக்கம். கேப்டன் சுந்தரம் என்ற விமானி 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் சங்கம், கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து ஊசி போட்டு விட்டுவிடலாம் என்று 1964-லிருந்தே சொல்லி வந்தது. மாநகராட்சி அதைக் காதில் வாங்கிக்கொள்ள 1996 ஆயிற்று! இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 2025 ஆகஸ்டில், டில்லித் தெரு நாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட்டு. பத்து நாள் கழித்து, வெறியும் முரட்டுத்தனமும் இல்லாதவற்றுக்குக் கருத்தடையும் ஊசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்று மாற்றியது. கடிபட்ட குழந்தையின் தாயாருக்கு ஜீவகாருண்யம் பேசினால் கோபம்தான் வரும். அவர் கோபத்தில் தப்பில்லை. ஊசி போடாமல் விட்ட நகரசபையின் மேல் அந்தக் கோபம் திரும்ப வேண்டும்.

இப்போது காலண்டரில் இடமே இல்லை. மார்ச் 20 சிட்டுக்குருவிக்கு, ஜூலை 29 புலிக்கு, ஆகஸ்டு 12 யானைக்கு. ஏப்ரல் 24 பரிசோதனைச் சாலைப் பிராணிகளுக்கு. 1940-ல் ஹிட்லரின் விமானங்களை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் தளபதி டௌடிங்கின் பிறந்த நாள் அது. வயதான காலத்தில் பிரபுக்கள் சபையில் முயலுக்காகவும் எலிக்காகவும் பேசியவர் அவர். நம் நாட்டில் 2014-ல் அழகு சாதனங்களைப் பிராணிகள் மேல் பரீட்சிப்பதைத் தடை செய்தார்கள்.

மே 8-ந் தேதி கழுதைகள் தினம். சிரிக்க வேண்டாம், பார்லிமெண்டு ஒரு தரம் சிரித்தாகிவிட்டது! நம் ஊரில் அது அக்கினி நட்சத்திரம் காய்கிற சமயம். பாரம் சுமக்கும் பிராணிகளுக்காக 1965-ல் சர்க்கார் விதிகள் செய்திருக்கிறது. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. முள் வைத்த தார்க்குச்சி கூடாது. கழுதையின் முதுகில் 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை எந்த மாட்டையும் கழுதையையும் வேலைக்கு விடக் கூடாது. மே மாதத்து வேலூரிலும் திருச்சியிலும் 37 டிகிரி தாண்டாத நாள் அபூர்வம். செங்கல் சூளையில் 12 மணிச் சங்கு ஊதும்போது ஆட்கள் சாப்பிட உட்காருகிறார்கள். அப்போது கழுதையையும் அவிழ்த்து, வேப்ப மரத்தடியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் கட்டலாம். 3 மணி வரை அந்த நிழல் அதற்குச் சட்டப்படி சொந்தம்.